காசு கேட்பது வாயுவுக்கு அல்ல, குழாய்க்கு

வாசகர் கடிதம் (சுருக்கி): சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் ஒரு டவுன்ஹவுஸ் குடியிருப்பில் இருக்கிறோம். நான் ஓய்வு பெற்ற கணக்கர். வீட்டுக் கட்டணத்தை உயர்த்தக் கேட்டு கேஸ் நிறுவனம் மனு போட்டிருப்பதாக பில்லோடு அறிவிப்பு வந்தது. வாயு விலை இறங்கியிருக்கிறது என்று செய்தியில் சொல்லும்போது எதற்கு உயர்வு? எங்கள் சங்கத்தில் எல்லோரும், "கணக்குத் தெரிந்தவர் நீங்கள்தானே, நீங்களே போய்ப் பேசுங்கள்" என்கிறார்கள். கையெழுத்து வாங்கவும் ஆரம்பித்துவிட்டோம். சங்கத்துக்காக நான் ஆஜராகலாமா? பக்கத்து வீட்டு நண்பர் மட்டும், "எல்லாம் முன்கூட்டியே முடிவான நாடகம், வீண் வேலை" என்கிறார்.

பதில்:

ஐயா,

உங்கள் நண்பரிடமிருந்தே தொடங்குகிறேன். நாடகம் இல்லை. 2023 ஜனவரியில் உங்கள் பகுதிக்கு வாயு தரும் நிக்கோர் கேஸ், ஆண்டுக்குச் சுமார் 32 கோடி டாலர் கூடுதலாக வேண்டும் என்று மனு போட்டது. நவம்பர் 16 அன்று, மாநிலத்தில் இந்தக் கட்டணங்களை முடிவு செய்யும் இல்லினாய் வணிக ஆணையம் கொடுத்தது சுமார் 22 கோடி. அதே நாளில் சிகாகோ நகரத்துக்கு வாயு தரும் பீப்பிள்ஸ் கேஸ் கேட்டிருந்த சுமார் 40 கோடி, 30 கோடியாகக் குறைந்தது. அந்த நிறுவனத்தின் குழாய் மாற்றும் திட்டத்தையும் ஆணையம் நிறுத்திவைத்து, தனியாக விசாரிக்கச் சொன்னது. வாடிக்கையாளர் தரப்பில் உட்கார்ந்தவர்கள் மாதக்கணக்கில் வரி வரியாகக் கணக்குப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த வெட்டு விழுந்திருக்காது.

ஆனால் ஒன்று பாருங்கள், இரண்டு வழக்கிலும் உயர்வு வரத்தான் செய்தது. "ஒரு சென்ட் கூட ஏற்றக் கூடாது" என்று போகிறவர்களை ஆணையம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும், அதோடு சரி. எந்தச் செலவு, எவ்வளவு, ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் பதில் கிடைக்கும்.

வாயு விலை இறங்கியிருக்கும்போது உயர்வு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இந்த வழக்கு வாயு விலையைப் பற்றியதே அல்ல. உங்கள் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாயுவுக்கான தொகை ஒரு பக்கம், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் டெலிவரிக் கட்டணம் இன்னொரு பக்கம், இவை போக வரிகள். வாயுவை நிறுவனம் என்ன விலைக்கு வாங்கியதோ அதே விலைக்கு உங்கள் தலையில் வைக்க வேண்டும். அதில் லாபம் வைக்கக் கூடாது. வாங்கியதில் விவேகம் இருந்ததா என்பதை ஆணையம் ஆண்டுக்கொரு முறை தனியாகச் சரிபார்க்கும். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பகுதி அதன் போக்கில் போகும்.

லாபம் இருப்பது டெலிவரியில். தெருவுக்கு அடியில் ஓடும் குழாய், மீட்டர், அழுத்தம் குறைக்கும் நிலையம், வாயுவைச் சேமித்துவைக்கும் நிலத்தடிக் கிடங்கு, வேன், கம்ப்யூட்டர் என்று நிறுவனம் போட்ட முதலீட்டில் இதுவரை தேய்ந்தது போக மீதி எவ்வளவோ, அதன் மேல் ஒரு வீதம் வருமானமாகக் கிடைக்கும். அதோடு நடத்தும் செலவு, தேய்மானம், வரி எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் ஆண்டு வருவாய்த் தேவை. மனுவில் கேட்பது அதைத்தான். நீங்கள் கணக்கர் என்பதால் இது அரை நிமிடத்தில் பிடிபடும்: லாபம் கூட வேண்டுமென்றால் முதல் கூட வேண்டும். குழாய் பதிக்கப் பதிக்க லாபம். பழைய வார்ப்பிரும்புக் குழாயை மாற்றுவது பாதுகாப்புக்குத் தேவைதான், அதை யாரும் மறுக்கவில்லை. எந்தக் குழாயை, எந்த வேகத்தில், என்ன விலையில் மாற்றுவது என்பதில்தான் சண்டை. 2013-ல் வந்த ஒரு சட்டம், இந்த மாதிரிச் செலவை முழு வழக்கு இல்லாமலே மாதாமாதம் பில்லில் தனிக் கட்டணமாக வசூலிக்க வழி விட்டிருந்தது. 2023 இறுதியோடு அது காலாவதியானது. அதற்கு அப்புறம் எல்லாம் ஆணையத்தின் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

பங்குதாரர்கள் போட்ட முதலுக்கு என்ன லாப வீதம் என்பது இந்த வழக்குகளின் நடுநாயகம். 2023-ல் நிக்கோருக்கு 9.51 சதவீதம், பீப்பிள்ஸுக்கு 9.38 சதவீதம். பத்தில் ஒரு சதவீதத்துக்காக நிபுணர்கள் நூறு பக்கம் எழுதுவதைப் பார்த்தால் வெளியாட்களுக்குச் சிரிப்பு வரும். கணக்கைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் முதல் 400 கோடி டாலர், அதில் பாதி பங்கு முதல், பாதி கடன் என்று வைத்துக்கொள்வோம். பங்கு முதலுக்கு 1 சதவீதம் கூடினால் 2 கோடி. ஆனால் அந்த 2 கோடி வரி போகக் கையில் நிற்க வேண்டிய லாபம். மத்திய வருமான வரி 21 சதவீதம், இல்லினாயின் இரண்டு வரிகளும் சேர்ந்து 9.5 சதவீதம். இதெல்லாம் போக 2 கோடி நிற்க வேண்டுமென்றால் நம்மிடம் வசூலிக்க வேண்டியது ஏறக்குறைய 2.8 கோடி. 20 லட்சம் வாடிக்கையாளர்கள் என்றால் தலைக்கு ஆண்டுக்கு 14 டாலர், அடுத்த வழக்கு வரும்வரை வருடா வருடம். பங்குக்கும் கடனுக்கும் உள்ள விகிதம் மாறினாலும் இதே கதைதான். பங்கு முதல்தான் விலை கூடியது, கடனுக்கு இந்த வரிச் சுமை கிடையாது. நிறுவனத்தார் பங்கு விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டுவது சும்மா இல்லை.

நிறுவனத்துக்கு நியாயமான வருமானம் கிடைக்க வேண்டும் என்பதிலும் மறுபேச்சு இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-ல் ஹோப் நேச்சுரல் கேஸ் வழக்கில் சொன்னது இன்றும் அளவுகோல்: முதலீட்டாளரின் நலன், வாடிக்கையாளரின் நலன் இரண்டையும் எடைபோட்டு, முடிவில் வரும் கட்டணம் நியாயமா என்று பார்க்க வேண்டும். பொதுமக்கள் நம்பி இருக்கும் தொழிலின் விலையில் அரசு கை வைக்கலாம் என்பதை நிலைநாட்டிய வழக்கே உங்கள் ஊர்ப் பக்கத்து விவகாரம்தான். சிகாகோவின் தானியக் கிடங்குக்காரர்கள் அரசு வைத்த கட்டண வரம்பை எதிர்த்துப் போய், 1877-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

சரி, நீங்கள் ஆஜராகலாமா? உங்கள் வீட்டு மீட்டர் உங்கள் பெயரில் இருந்தால், உங்களுக்காக நீங்களே இடையீட்டு மனு போட்டு வழக்கில் ஒரு தரப்பாகச் சேரலாம். சங்கத்தின் சார்பில் வாதாட வேண்டுமென்றால் வக்கீல் வேண்டும். மற்றவர்களுக்காகச் சட்டத் திறன் தேவைப்படும் வேலையைச் செய்வது வக்கீலுக்கு மட்டுமே உரியது. சங்கத் தலைவர் என்ற முறையில் எழுந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நேப்பர்வில்லில் மின்சாரம் நகராட்சியுடையது, அதனால் மின்கட்டணம் பற்றி நகர மன்றக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசிப் பழகியிருப்பீர்கள். இது அப்படி இல்லை, கிட்டத்தட்ட நீதிமன்றம். சாட்சியம் எழுத்தில் முன்கூட்டியே தாக்கலாகும், எதிர்த்தரப்பு எழுத்தில் மறுக்கும், அதற்கு மறுப்பு வரும். நேரடி விசாரணை பெரும்பாலும் குறுக்கு விசாரணைக்கு மட்டும். அப்புறம் வாதுரைகள், நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன்மொழிவு, அதற்கு ஆட்சேபம், கடைசியில் ஐந்து ஆணையர்களின் ஓட்டு. மனு வந்ததிலிருந்து முடிவு வரை சுமார் 11 மாதம். சட்டம் அவ்வளவுதான் அவகாசம் கொடுக்கிறது. அதற்குள் ஆணையம் முடிக்காவிட்டால் கேட்ட கட்டணம் அப்படியே அமலுக்கு வந்துவிடும் என்பதால் எந்தத் தேதியும் யாருக்காகவும் காத்திருக்காது.

தரப்பாகச் சேருவதில் ஒரு சுமையும் உண்டு. நீங்கள் நிறுவனத்திடம் கேள்வி அனுப்பலாம், அவர்களும் உங்களிடம் கேள்வி அனுப்பலாம். நீங்கள் சாட்சியம் கொடுத்தால், மணிக்குப் பெரிய தொகை வாங்கும் வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். ஓய்வுக் காலத்தை இதில் கழிக்க விருப்பமா என்று வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஆலோசனை வேறு. வாதாடுகிறவராகப் போகாதீர்கள், சாட்சியாகப் போங்கள். வீட்டு வாடிக்கையாளர் பக்கம் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். சிட்டிசன்ஸ் யுட்டிலிட்டி போர்டு என்ற அமைப்பை 1983-ல் இல்லினாய் சட்டமன்றமே உண்டாக்கியது. சுருக்கமாகக் 'கப்' என்பார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் மக்கள் தரப்பில் வரும். ஆணையத்தின் ஊழியர்கள் தனித் தரப்பாக நின்று சொந்தமாகக் கணக்குப் பார்ப்பார்கள். அவர்கள் நம் பக்கம் என்று சொல்ல முடியாது, நிறுவனத்தின் பக்கமும் இல்லை. இந்த மூவரும் பங்கு முதலுக்கான வீதம், முதலீடு, பெரிய திட்டங்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வார்கள். அதையே நீங்களும் திரும்பச் சொல்வதால் பயன் குறைவு. அவர்கள் கைக்கு எட்டாததை நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்படி எட்டாமல் போவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். மொத்தத் தொகை முடிவானதும், யார் எவ்வளவு சுமப்பது என்ற இரண்டாவது சண்டை தொடங்கும். செய்தித்தாளில் வருவதெல்லாம் முதல் சண்டை. வீடுகள் சத்தமில்லாமல் தோற்பது இரண்டாவதில். பெரிய ஆலைகள் தங்களுக்கென்று வக்கீலும் நிபுணரும் வைத்துக்கொண்டு வருகின்றன. அவர்கள் சொல்வது இது: குழாய் இவ்வளவு பருமனாக இருப்பது ஜனவரியின் மிகக் குளிரான நாளில் எல்லா வீட்டு ஃபர்னஸும் ஒரே நேரத்தில் ஓடுவதால்தான், ஆகவே உச்ச நாளின் தேவையை வைத்துச் செலவைப் பிரியுங்கள். அப்படிப் பிரித்தால் வீடுகள் தலையில் அதிகம் விழும். ஆலைகள் கோடையிலும் அதே குழாயில்தான் வாயு எடுக்கின்றன, ஆண்டு முழுவதும் எடுக்கும் அளவையும் சேர்த்துப் பாருங்கள் என்பது நம் பதில். எந்த முறையை ஆணையம் ஏற்கிறது என்பதைப் பொறுத்து, மொத்தத் தொகையில் ஒரு டாலர் கூட மாறாமலே வீட்டு பில் மாறும்.

அதற்கும் உள்ளே இன்னொரு பிரிவினை: வீடுகளுக்குள் யார் எவ்வளவு? மாதாமாதம் வாயுவே எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம் ஒன்று பில்லில் இருக்கும். நிறுவனத்துக்கு அதை ஏற்றப் பிடிக்கும், குளிர் குறைந்த ஆண்டிலும் வருமானம் ஆடாது. உதாரணத்துக்கு, மாதம் 4 டாலர் ஏற்றினால் ஆண்டுக்கு 48 டாலர். 300 தெர்ம் (பில்லில் வாயுவை அளக்கும் அலகு) எரிக்கும் உங்கள் டவுன்ஹவுஸும் 1,500 தெர்ம் எரிக்கும் பெரிய வீடும் ஒரே 48-ஐக் கட்டும். சராசரி வீடு 900 தெர்ம் என்று எடுத்து, அதே தொகையை எரித்த தெர்மின் மேல் போட்டால் உங்களுக்கு 16 டாலர், பெரிய வீட்டுக்கு 80. நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒன்றுதான். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டி, தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்து மிச்சம் பிடிக்கிற வீட்டுக்கு நிலையான கட்டணத்தில் எந்தப் பலனும் இல்லை.

இங்கேதான் உங்கள் சங்கம் உதவ முடியும். கையெழுத்துத் தாளை ஓரமாக வையுங்கள், அதற்குப் பதிலாக பில்களைக் கேளுங்கள். பன்னிரண்டு மாத பில், பெயர், கணக்கு எண் மறைத்து, எத்தனை வீடு தர முடியுமோ அத்தனை. எத்தனை தெர்ம், எவ்வளவு நிலையான கட்டணம், முன்மொழிந்த புதிய கட்டணத்தில் எவ்வளவு என்று ஒரு அட்டவணை போடுங்கள். சிறிய வீடுகளுக்கு உயர்வு எத்தனை சதவீதம், பெரிய வீடுகளுக்கு எத்தனை என்று அந்த அட்டவணையே காட்டிவிடும். நிறுவனம் சொல்லும் 'சராசரி வீட்டுக்கு மாதம் இத்தனை டாலர்தான்' என்ற வாக்கியத்துக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. இதைக் கப்பிடமோ அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திடமோ கொண்டுபோங்கள். அவர்கள் வக்கீல் வழியாக உங்கள் சாட்சியமாகத் தாக்கல் செய்ய முடியுமா என்று கேளுங்கள். எல்லா வழக்கிலும் ஒப்புக்கொள்வார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மனு வந்த முதல் இரண்டு மாதத்துக்குள் போனால் வாய்ப்பு அதிகம். சாட்சியம் தாக்கல் செய்யும் தேதி முடிந்த பிறகு போனால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும்.

சங்கம் தனியாகவே வக்கீல் வைத்து வரலாம் என்று முடிவு செய்தால், 2021-ல் வந்த பருவநிலை, வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ், வீட்டு வாடிக்கையாளர்கள் சார்பில் வருகிறவர்களின் வக்கீல், நிபுணர் செலவை ஈடுசெய்ய ஒரு நிதி இருக்கிறது. தகுதி விதிகளை வக்கீலோடு உட்கார்ந்து படித்துவிட்டு இறங்குங்கள்.

கையெழுத்து வீண் என்று சொல்லவில்லை. ஆணையத்தின் முடிவு வழக்கின் பதிவேட்டில் உள்ள சான்றுகளை மட்டுமே வைத்து எடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம், மக்கள் கருத்து அந்தச் சான்றில் சேராது. ஆனால் இணையத்திலும் தொலைபேசியிலும் வரும் கருத்துகளை ஓட்டெடுப்புக்கு முன் ஆணையர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பதும் சட்டம்தான். ஒரே வாசகத்தில் முந்நூறு கையெழுத்தைவிட, முப்பது பேர் தங்கள் பில்லைப் பற்றிச் சொந்தமாக நாலு வரி எழுதுவது மேல். ஆணையர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பவோ, ஏதாவது விழாவில் பார்த்து வழக்கைப் பற்றிப் பேசவோ வேண்டாம். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் நடக்கும் பேச்சு விதிமீறல். அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் கெட்ட பெயர்.

இதற்கு நடுவே ஒரு எச்சரிக்கை. உயர்வு அறிவிப்பு வந்தால் வாயு விற்கும் வேறு நிறுவனங்களின் ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், "எங்களோடு சேருங்கள், விலை ஏறவே ஏறாது" என்று. அவர்கள் விற்பது வாயு மட்டும். குழாய்க் கட்டணம் அதே நிறுவனத்துக்குத்தான் போகும், உயர்வும் அப்படியே வரும். பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்டாதீர்கள். கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு போய் உங்களை மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. குடியிருப்பில் வயதானவர்களிடம் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

இந்தப் பத்தியைப் படிக்கும் மற்ற மாநிலத்தவர்களுக்கு: நியூஜெர்சி, பென்சில்வேனியா, ஒஹாயோ மூன்றிலும் வாடிக்கையாளருக்காக வாதாட அரசே தனி அலுவலகம் வைத்திருக்கிறது, முதல் போன் அங்கே போடுங்கள். டெக்சஸில் நகர எல்லைக்குள் கேஸ் கட்டணத்தை முதலில் விசாரிக்கும் அதிகாரம் நகர மன்றத்துக்கு. மேல்முறையீடு போவது ரயில்ரோடு கமிஷனுக்கு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதற்கும் ரயிலுக்கும் இப்போது சம்பந்தமில்லை. ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கத்து நண்பர்களுக்கு நகர மன்றக் கூட்டமே சரியான இடம்.

உங்கள் கணக்குக் கண்ணுக்கு இன்னொரு வேலை சொல்கிறேன், இதற்கு வக்கீல் தேவையில்லை. அறிவிப்பில் வழக்கு எண் இருக்கும். ஆணையத்தின் இணைய ஆவணத்தில் அந்த எண்ணைப் போட்டால் மனுவோடு வந்த அட்டவணைகள் எல்லாம் கிடைக்கும். 'ஏ' சுருக்கம், 'பி' முதலீடு, 'சி' வரவு செலவு, 'டி' பங்கு முதலுக்கும் கடனுக்கும் ஆகும் செலவு, 'ஈ' கட்டண அமைப்பு. 'சி'யில் உட்காருங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் வரப்போகும் ஆண்டின் மதிப்பீட்டை வைத்துத்தான் கேட்கின்றன. அதில் ஊழியர் எண்ணிக்கையைப் பாருங்கள்: எல்லாப் பணியிடமும் ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்கும் என்று போட்டிருப்பார்கள். கடந்த மூன்று ஆண்டில் மாதாமாதம் உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தேடுங்கள். பெரிய நிறுவனங்களில் பொதுவாகச் சில இடங்கள் காலியாகத்தான் இருக்கும். இல்லாத ஆட்களுக்கு நாம் ஏன் சம்பளமும் காப்பீடும் கட்ட வேண்டும்? விளம்பரத்தில் நல்ல பெயர் தேடும் வகை இருந்தால் அதற்கு அனுமதி இல்லை. அரசியல், லாபி செலவுக்கும் இல்லை. ஆனால் தொழில் சங்கங்களுக்குக் கட்டும் சந்தாவுக்குள் அது ஒளிந்திருக்கும், சந்தாவில் எவ்வளவு லாபிக்குப் போகிறது என்று கேட்க வேண்டும். அப்புறம், இந்த வழக்கை நடத்தும் செலவையே, அதாவது நம்மை எதிர்த்து வாதாடும் வக்கீலின் சம்பளத்தையும், நம்மிடம்தான் கேட்டிருப்பார்கள். அது நியாயமான அளவா என்று ஆணையம் குறிப்பாகப் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

முடிவு வந்த பிறகு திருப்தி இல்லையென்றால் மறுவிசாரணை கேட்க 30 நாள்தான். மறுவிசாரணை மனுவில் எழுப்பாத விஷயத்தை அப்புறம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. அந்த நீதிமன்றத்துக்குப் போக 35 நாள். அங்கே ஜெயித்தாலும், இடைப்பட்ட காலத்தில் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது.

'சி' அட்டவணையைப் பார்த்துவிட்டு உங்களுக்கு உறுத்தும் செலவுகளைக் குறித்து அனுப்புங்கள். எதை எந்த வாசகத்தில் கேள்வியாகக் கேட்டால் நிறுவனம் நழுவ முடியாது என்று அடுத்த பத்தியில் பார்க்கலாம்.